புளியரை இறக்கமும் ஓர் ஓவர்டிரைவ் கம்பியும்

திருநெல்வேலியிலிருந்து சில இளைஞர்கள் என்னைத் தேடி வந்தார்கள். பழைய கார்களை வாங்கிப் பழுதுபார்த்து ஓட்டுவது அவர்களுக்குப் பொழுதுபோக்கு. வாங்கியிருக்கிற அமெரிக்கக் கார் ஒன்றில் ஓவர்டிரைவ் விழவில்லை, படங்களைப் பார்த்தும் விளங்கவில்லை என்றார்கள். தென்காசிப் பக்கம் அந்த மாதிரி வண்டியில் கைவைத்தவர்களில் உயிரோடு இருப்பது நான் ஒருவன்தான் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். தங்கள் மலரில் போட ஒரு கட்டுரை வேண்டும், அனுபவத்தையும் சேர்த்து எழுதுங்கள் என்றார்கள்.

அனுபவத்தைச் சேர்க்காவிட்டால் இது ஒரு பக்கத்தில் முடிந்துவிடும். சேர்த்தால் அவர்கள் போடுவார்களா என்பது சந்தேகம். நான் சேர்த்தே எழுதுகிறேன். போடுவதும் விடுவதும் அவர்கள் பாடு.

என் பெயர் சுப்பையா. ஊர் இலஞ்சி. அப்பாவுக்குக் குத்தகை வயல். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டு, மதுரையில் டைனமோவும் செல்ஃப் மோட்டாரும் பழுதுபார்க்கிற ஒரு கடையில் அடிவாங்கித் தொழில் படித்தேன். அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. எல்லோரும் வாங்கிய அடிதான் நானும் வாங்கினேன். பிறகு தென்காசியில், குற்றாலம் போகிற ரோட்டில் இருந்த ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்பில் எலக்ட்ரீஷியனாகச் சேர்ந்தேன். பஸ், லாரி, ஜீப், எல்லாம் வரும்.

நான் சேர்ந்த சில வருடங்களில் ஆறுமுகம் என்பவர் ஃபோர்மேனாக வந்தார். ராணுவத்தில் வண்டி பழுதுபார்க்கும் பிரிவில் அவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு ஓர் ஆள் பட்டாளத்திலோ போலீசிலோ இருப்பது வழக்கம். ஆனால் இவரைப் போல அதை ஒர்க்‌ஷாப்புக்குள் கொண்டுவந்தவரை நான் பார்த்ததில்லை. எல்லோரும் அவில்தார் என்போம். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர் என்பதால் நேரில் அண்ணாச்சி என்பேன். வண்டிக்கு அடியில் போகுமுன் கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கைக்குட்டையில் சுற்றி மேல்பையில் வைத்துக்கொள்வார். ஸ்பானரை ஒருபோதும் தரையில் வைக்க மாட்டார். வண்டி கொண்டுவந்தவன் என்ன சொன்னான் என்று முதலில் கேட்பார். அவன் சொன்னதை அவன் வார்த்தையிலேயே சொல்ல வேண்டும். நம் வார்த்தையில் சொன்னால் திரும்பக் கேட்டுவரச் சொல்வார்.

வந்த புதிதில் ஒரு லாரிக்கு பேட்டரி ஏறவில்லை. நான் பார்த்துவிட்டு, "ரெகுலேட்டர் போயிருச்சு போல, அண்ணாச்சி" என்றேன்.

"போலயா?" என்றார். "அப்ப வெளிய போயி நின்னு யோசிச்சிட்டு வாரும்வே. வண்டிக்கு அடியில 'போல'வுக்கு எடம் கெடையாது."

லாரிக்காரன் பார்க்க, வெயிலில் போய் நின்றேன். உள்ளே கொதித்தது. திரும்பி வந்து ஒவ்வொரு முனையாக விளக்கு வைத்துப் பார்த்தபோது, ரெகுலேட்டரில் குற்றம் இல்லை, எஞ்சினிலிருந்து சேசிஸுக்கு வரும் எர்த் கம்பி துருவேறிக் கிடந்தது. அந்த மனிதர் சரியாகச் சொன்னார் என்பதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. அதற்குப் பிறகு அவரிடம் நான் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை. இனி நான் எழுதப்போவதைப் படிக்கிறவர்கள், அவரிடம் பல வருடம் மரியாதையோடு வேலை பார்த்தவன் இதை எழுதுகிறான் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

அந்தக் கார் வந்தது ஒரு சாரல் காலத்தில். ஐந்தருவிப் பக்கம் பங்களா வைத்திருந்த ஓர் எஸ்டேட் முதலாளியின் அப்பா வாங்கிய வண்டி. படகு மாதிரி நீளம். வருடத்தில் பாதி நாள் அந்தப் பக்கம் காற்றில் ஈரம் இருக்கும். தகரக் கொட்டகையில் நின்ற வண்டியில் செம்பு, பித்தளை எதுவாக இருந்தாலும் பச்சை பூத்திருந்தது. ஓட்டி வந்தவன் மாடசாமி, முதலாளியின் டிரைவர். அவனும் இலஞ்சிக்காரன், என்னைவிட இளையவன், என்னை அண்ணே என்பான்.

"என்ன செய்யுது வண்டி?" என்று அவில்தார் கேட்டார்.

"வேகமாப் போகும்போது எஞ்சின் கெடந்து கத்துதுங்க. முன்னல்லாம் காலை எடுத்து வச்சா சத்தம் அடங்கும். இப்ப அடங்க மாட்டேங்குது. மெதுவாப் போகும்போது காலை எடுத்தா வண்டி மெதந்துக்கிட்டுப் போவுது."

அவன் சொன்ன இரண்டில் அந்த ஓவர்டிரைவின் குணம் முழுவதும் அடங்கிவிட்டது. இளைஞர்கள் இதைக் கவனித்துப் படிக்க வேண்டும்.

கியர்பெட்டிக்குப் பின்னால் இன்னொரு சின்னப் பெட்டி இருக்கிறது; அதுதான் ஓவர்டிரைவ், டாப் கியருக்கும் மேலே ஒரு கியர் மாதிரி. அதற்கு டாஷ்போர்டுக்கு அடியில் ஒரு கைப்பிடி. அதிலிருந்து ஒரு கம்பி பெட்டியின் பக்கத்தில் இருக்கும் நெம்புகோலுக்குப் போகிறது. கைப்பிடியை வெளியே இழுத்தால் ஓவர்டிரைவ் பூட்டப்பட்டு, வண்டி சாதாரண வண்டியாக ஓடும். உள்ளே தள்ளினால் ஓவர்டிரைவ் தயார். தயாராக இருக்கும்போது வேகம் குறைவாக இருந்தால் சைக்கிளின் ஃப்ரீவீல் மாதிரிதான்: மிதிப்பதை நிறுத்தினால் சக்கரம் தானாகச் சுழலும், பெடல் பிடிக்காது. காரிலும் அப்படியே, காலை எடுத்தால் எஞ்சின் வண்டியைப் பிடிக்காது. முப்பது மைலை நெருங்கியதும் பெட்டியின் பின்னால் வேகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் கவர்னர் ரிலேயைத் தட்டும். ரிலே, சோலனாய்டு என்கிற மின்காந்தத்துக்குக் கரண்ட் விடும். சோலனாய்டு ஒரு நாக்கைத் தள்ளும். ஓட்டுகிறவன் ஆக்சிலரேட்டரிலிருந்து ஒரு கணம் காலை எடுத்தால் நாக்கு உள்ளே விழும், எஞ்சின் சத்தம் அடங்கும். திடீர் வேகம் வேண்டுமென்றால் ஆக்சிலரேட்டரை அடிவரை மிதிக்க வேண்டும். அங்கே இருக்கிற கிக்டவுன் சுவிட்ச் நாக்கை விடுவித்துவிடும்.

பார்க்கிற முறை இது. எஞ்சினை அணைத்துவிட்டு, கைப்பிடியை உள்ளே தள்ளி, சாவியை மட்டும் போட வேண்டும். அடியில் போய்க் கவர்னரின் ஒற்றைக் கம்பியை ஸ்க்ரூடிரைவரால் பாடியில் தொட வேண்டும். ரிலே 'டிக்' என்றும் சோலனாய்டு 'டக்' என்றும் சொன்னால் அதுவரை எல்லாம் நலம், குற்றம் கவர்னரில். ரிலே மட்டும் சொன்னால் ஃபியூஸ், கம்பி, சோலனாய்டு என்று வரிசையாகப் போக வேண்டும். இரண்டும் சொல்லாவிட்டால் ரிலேக்கு வரும் கரண்டையும் கிக்டவுன் சுவிட்சையும் பார்க்க வேண்டும். ஆறு வோல்ட் வண்டி. கொஞ்சம் பச்சை பூத்தாலும் கரண்ட் அங்கேயே செத்துவிடும்.

எங்கள் வண்டியில் ரிலே சொன்னது, சோலனாய்டு சொல்லவில்லை. ஃபியூஸ் போயிருந்தது. புதிது போட்டதும் 'டக்' என்றது. கொஞ்ச நேரத்தில் ஃபியூஸ் மறுபடி போயிற்று. சோலனாய்டுக்குள் இரண்டு கம்பிச் சுற்று உண்டு. ஒன்று நாக்கைத் தள்ள, ஒன்று பிடித்து வைக்க. தள்ளி முடித்ததும் உள்ளே ஒரு பாயின்ட் திறந்து முதல் சுற்றை நிறுத்த வேண்டும். அது திறக்காவிட்டால் சுற்று சூடாகி ஃபியூஸைத் தின்னும். கழற்றிப் பார்த்தால் பாயின்ட் இரண்டும் உருகி ஒட்டியிருந்தன.

அதை அரம் போட்டுச் சரிசெய்தது நான். திரும்ப மாட்டும்போது அவில்தார் என்னைத் தொடவிடவில்லை. உள்ளே நுழைத்து, கால் வட்டம் திருப்பி, பிறகு தன் பக்கம் இழுத்துப் பார்த்தார். கையோடு வரவில்லை. "இந்தக் கால் வட்டத்த மறந்தா நாக்கு உள்ள போகும், வெளிய வராது. அப்புறம் ரிவர்ஸ் போட்டான்னா பெட்டி நொறுங்கும்" என்றார். மறுபடி ஒரு முறை இழுத்துப் பார்த்தார்.

செங்கோட்டை ரோட்டில் ஓட்டிப் பார்த்தோம். மாடசாமி காலை எடுத்து வைத்தான். எஞ்சின் சத்தம் சட்டென்று அடங்கி, வண்டி வேறு வண்டியாக ஆனது. அவில்தார் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. எனக்கு அன்றைக்குச் சந்தோஷமாக இருந்தது. எங்கள் இருவருக்கும் அந்தத் தொழிலில் அதுதான் கடைசிச் சந்தோஷம்.

மழை விட்டு, அடுத்த மழை தொடங்கும் காலத்தில் அதே கார் மறுபடி வந்தது. கைப்பிடிக் கம்பி அறுந்திருந்தது. அந்தக் கம்பி எங்கே கிடைக்கும்? அவில்தார் ஒரு டிராக்டரில் எஞ்சினை நிறுத்துகிற கம்பியை வெட்டி, அளவு பார்த்து, தானே பொருத்தினார். உள்கம்பி நன்றாக இருந்தது. சிக்கல் வெளி உறையில். பழைய உறைக்கு முனையில் ஒரு பித்தளைக் கட்டு இருக்கும், அது நகராது. டிராக்டர் உறை வழவழப்பானது. அதை ஒரு கிளிப்பால் இறுக்கியிருந்தார்.

நான் அடியில் படுத்திருந்தேன். மாடசாமி உள்ளே உட்கார்ந்து கைப்பிடியை இழுத்தான். உறை கிளிப்புக்குள் வழுக்கியது. கைப்பிடி முழுசாக வெளியே வந்துவிட்டது. நெம்புகோல் வர வேண்டிய இடத்துக்கு அரை அங்குலம் முன்னாலேயே நின்றுவிட்டது. ஓட்டுகிறவனுக்குப் பூட்டியாயிற்று என்று தோன்றும். பெட்டி பூட்டியிருக்காது. ஃப்ரீவீலில்தான் இருக்கும்.

"அண்ணாச்சி, முழுசா வரல" என்றேன்.

அவர் குனிந்து கிளிப்பை இறுக்கினார். மாடசாமி இழுத்தான், வந்தது. தள்ளிவிட்டு இழுத்தான், வந்தது. மூன்றாவது முறை வழுக்கியது.

முதலாளி வாசலில் நின்றுகொண்டிருந்தார். கொல்லத்தில் பழைய கார்க்காரர்கள் கூடுகிறார்கள், மறுநாள் காலையில் அங்கே இருக்க வேண்டும். "என்ன ஆறுமுகம், கெளம்பலாமா?" என்றார்.

"கெளம்பலாம், மொதலாளி."

நான் எழுந்து வெளியே வந்தேன். "வழுக்குது அண்ணாச்சி. ஒரு தகடு சுத்திப் போட்டாத்தான் நிக்கும்."

"ரெண்டு தடவ வந்திருக்குல்லா? போயிட்டு வரட்டும். வந்ததும் தகடு போடுவோம்."

"மலையில இறங்கணும்லா?"

"டிரைவர் இருக்கான். பிரேக் இருக்கு. நீரு போயி அந்த வேன் வேலையப் பாரும்."

நான் மாடசாமியிடம் போனேன். "இறக்கத்துல கைப்பிடிய இழு. இழுத்தாச்சேன்னு நம்பிராத. ரெண்டாவது கியர்ல காலை எடுத்துப் பாரு. எஞ்சின் பிடிக்கலன்னா அங்கனயே ஓரமா நிப்பாட்டிரு" என்றேன். அவன் சரிண்ணே என்றான். வண்டி போயிற்று.

மறுநாள் திரும்பி வரும்போது கேரள எல்லையிலிருக்கும் கோட்டைவாசல் தாண்டிப் புளியரைக்கு இறங்கும் வளைவுகளில் அது நடந்தது. தூறல் தொடங்கியிருக்கிறது. புளியரைக்காரர் ஒருவர், இசக்கி என்று பெயர், பைக்கை ஓரமாக நிறுத்திவிட்டு மழைக்கோட்டை மாட்டிக்கொண்டிருந்திருக்கிறார். ஒரு கை உள்ளே போயிருக்கிறது, மறு கை போகவில்லை. அதற்குள் கார் அவரைப் பாறையோடு சேர்த்து அடித்துவிட்டது. அங்கேயே உயிர் போய்விட்டது. முதலாளிக்கு நெற்றியில் காயம். மாடசாமிக்கு மணிக்கட்டு முறிந்தது.

இறக்கம் முழுக்கப் பிரேக்கை மட்டும் மிதித்து வந்தால் பழைய டிரம் பிரேக் சூடேறிப்போகும். மிதித்தால் கட்டையை மிதிப்பது போலிருக்கும், பிடிக்காது. ஆறியதும் ஒன்றும் நடக்காதது மாதிரி நல்ல பிரேக்காக ஆகிவிடும். ஆகவே பிறகு பார்க்கிறவனுக்குப் பிரேக்கில் ஒரு குற்றமும் தெரியாது.

கார் போலீஸ் ஸ்டேஷன் வளாகத்தில் கிடந்தது. பிரேக் இன்ஸ்பெக்டர் பார்க்க வந்தார். அந்த வண்டியைத் தெரிந்தவர்கள் வேண்டும் என்று எங்களை வரச் சொன்னார்கள். நான் பஸ்ஸில் போய் இறங்கினபோது அவில்தார் எனக்கு முன்னாலேயே வந்திருந்தார். மாடசாமி கட்டுப் போட்ட கையோடு வேப்பமரத்தடியில் நின்றான். பக்கத்தில் முதலாளியின் வக்கீல்.

இன்ஸ்பெக்டர் பிரேக்கை மிதித்தார், சரியாக இருந்தது. ஸ்டியரிங்கைத் திருப்பினார், முன்பக்கம் நசுங்கியிருந்தாலும் திரும்பியது. "மெக்கானிகலா ஒண்ணும் தெரியலையே" என்றார்.

நான் கம்பியைப் பற்றிச் சொன்னேன். இழுத்துப் பார்க்கச் சொன்னேன். அவரும் பொறுமையானவர்தான், உள்ளே உட்கார்ந்து கைப்பிடியை இழுத்தார். நான் அடியில் போனேன். நெம்புகோல் முழுசாக வந்து நின்றது. மறுபடி இழுக்கச் சொன்னேன். மறுபடியும் முழுசாக வந்தது. டார்ச் அடித்துப் பார்த்தேன். கிளிப்புக்கும் உறைக்கும் நடுவே ஒரு தகடு இருந்தது. புதுத் தகடு, மண்ணோ எண்ணெயோ படாதது. அதன் நான்கு மூலைகளும் கையைக் கிழிக்காதபடி அரம் போட்டு மழுக்கப்பட்டிருந்தன. அவசரத்தில் செய்கிற வேலையிலும் மூலையை மழுக்குகிற கை எங்கள் ஒர்க்‌ஷாப்பில் ஒன்றுதான் இருந்தது.

வெளியே வந்து, "இந்தத் தகடு வண்டி போகும்போது இல்ல சார்" என்றேன்.

இன்ஸ்பெக்டர் அவில்தாரைப் பார்த்தார்.

"அனுப்பும்போதே வச்சதுதான் சார்" என்றார் அவில்தார். என் பக்கம் திரும்பவில்லை. கைக்கடிகாரம் கையில் இருந்தது.

"வைக்கல சார். நான் அடியில கெடந்து பாத்தேன். வழுக்குதுன்னு இவருகிட்டயே சொன்னேன்."

"தெரிஞ்சிருந்தா ஏன்வே வண்டிய விட்டீரு?" என்றார் அவில்தார் அமைதியாக. "உமக்குத் தெரியாது, வேன் வேலையில இருந்தீரு. நான் வச்சேன்."

இன்ஸ்பெக்டர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப என்னதான் நடந்திருக்கும்?"

"டிரைவர் இழுக்க மறந்திருப்பான் போல, சார்."

எத்தனையோ வருடம் அவரோடு வேலை பார்த்ததில் அந்தச் சொல்லை அவர் வாயில் அன்றைக்குத்தான் கேட்டேன்.

எனக்குக் கவலை இல்லை. மாடசாமி இருக்கிறான். அவன் கைப்பிடியை இழுத்தவன். வழுக்கியதைப் பார்த்தவன். நான் எச்சரித்ததைக் கேட்டவன். "அவங்கிட்டயே கேளுங்க சார்" என்றேன்.

கேட்டார். மாடசாமி வக்கீலைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. கட்டுப் போட்ட கையைப் பார்த்துக்கொண்டு, "இழுக்க மறந்துட்டேன் சார்" என்றான்.

"மாடசாமி" என்றேன்.

"மறந்துட்டேன்ணே."

அதோடு முடிந்தது. நான் நின்றது அவனுக்காக. அவனே இல்லை என்று சொல்லிவிட்டான். அந்த வளாகத்தில் மேற்கொண்டு யாருக்காகப் பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை. அவில்தார் வந்த ஜீப்பில் இடம் இருந்தது. நான் பஸ்ஸில் திரும்பினேன்.

ஒர்க்‌ஷாப் உரிமையாளர் மறுநாள் என்னைக் கூப்பிட்டார். கோபப்படவில்லை. "கூட வேலை பாக்குதவரப் போலீஸ் ஸ்டேஷன்ல வச்சுக் காட்டிக்கொடுத்துட்டு, நாளைக்கு எப்படிப்பா அவரு மொகத்துல முழிப்ப?" என்று மட்டும் கேட்டார். என் டூல்ஸை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அவில்தார் அப்போது ஒரு லாரிக்கு அடியில் இருந்தார். கால்கள் மட்டும் தெரிந்தன. நான் போவது அவருக்குத் தெரியும்.

அதன் பிறகு தென்காசியில் எனக்கு வேலை கிடைக்கவில்லை. கேட்ட இடத்திலெல்லாம் பேச்சு முன்னால் போயிருந்தது. காட்டிக்கொடுத்தவன் என்று சிலர், பொய் சொன்னவன் என்று சிலர். டிரைவரே ஒத்துக்கொண்ட பிறகு நான் சொன்னது பொய்யாகத்தானே இருக்க முடியும்?

மாடசாமியின் வழக்கு வந்த அன்று கோர்ட்டுக்குப் போனேன். யாரும் கூப்பிடவில்லை. அவன் ஏதாவது மாற்றிச் சொல்வான் என்று ஒரு நப்பாசை. அவன் குற்றத்தை ஒத்துக்கொண்டான்; சாட்சிக்கே வேலை இல்லை. வெளியே வந்தபோது ஒரு பெண் எனக்கு எதிரே வந்து நின்றாள். இசக்கியின் மனைவி, பேச்சியம்மாள். அவளை நான் பார்த்தது அதுதான் முதல்முறை.

"ஒர்க்‌ஷாப்காரரு நீங்கதானா?" என்று கேட்டாள்.

ஆமாம் என்றேன். அவளாவது கேட்பாள் என்று ஒரு கணம் நினைத்துவிட்டேன்.

"வண்டி மேல பழியப் போட்டு டிரைவரக் காப்பாத்தப் பாத்தீங்களாமே. யாரு சொல்லிக் குடுத்து அப்படிப் பேசுனீங்க?"

"யாரும் சொல்லித் தரலம்மா. நடந்தது அதுதான்."

"செத்தது எம் புருசன். அந்த ஆளு, செஞ்சத செஞ்சேன்னு ஒத்துக்கிட்டாரு. எங்கிட்ட வந்து கால்ல விழுந்து அழுதாரு. நீங்க ஒரு கம்பியக் காரணம் சொல்லுதீங்க." ஓரடி முன்னால் வந்தாள். "உங்க வீட்லயும் பொம்பள இருப்பா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நான் கம்பியைப் பற்றி அவளிடம் எப்படி விளக்குவது? ஃப்ரீவீலைப் பற்றியா சொல்வது?

சுரண்டையில் ஒரு சின்னக் கடையில் சேர்ந்தேன். மினி வேனுக்கு ஹாரன், டிராக்டருக்கு விளக்கு, மோட்டார் சைக்கிளுக்கு இண்டிகேட்டர். கை தானாகச் செய்கிற வேலை. ஓய்வு பெறும் வரை அதைத்தான் செய்தேன். மாடசாமி கொஞ்ச காலம் உள்ளே இருந்துவிட்டு வந்தான். முதலாளி அவனைக் கைவிடவில்லை. இலஞ்சியில் தோப்பை ஒட்டி ஒரு வீடு கட்டிக் கொடுத்து, எஸ்டேட்டில் மேற்பார்வை வேலையும் கொடுத்தார். அந்த வீட்டுக்காகத்தான் அவன் பொய் சொன்னான் என்று நான் நினைத்துக்கொண்டேன். அவனைக் கோயிலில், கடைத்தெருவில் பார்ப்பேன். தலையாட்டுவான். நானும் ஆட்டுவேன்.

அந்தக் காரை வழக்கு முடிந்ததும் முதலாளி விற்றுவிட்டார். வாங்கினவன் பழைய எஞ்சினையும் பெட்டியையும் தூக்கி இரும்புக்குப் போட்டுவிட்டு, ஜீப்பின் டீசல் எஞ்சினை வைத்தான். நான் சொன்னது உண்மை என்று காட்ட இருந்த நெம்புகோலும் தகடும் அப்படி உருகிப்போயின.

அவில்தார் இறந்தது தெரிந்து அவர் தெருமுனை வரை போனேன். பெரிய கூட்டம். ஒர்க்‌ஷாப் பையன்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். ஒருவன் அழுதுகொண்டே, அவரிடம் படித்ததை மறக்க முடியாது என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தான். அவன் சொன்னது பொய்யில்லை. நானும் அவரிடம்தான் படித்தேன். உள்ளே போகாமல் திரும்பிவிட்டேன்.

இந்த வருடம் சாரல் தொடங்கிய ஒரு காலையில் மாடசாமி என் வீட்டுக்கு வந்தான். அத்தனை வருடத்தில் அவன் என் வாசல் ஏறியது அதுதான் முதல்முறை. கிழவனாகியிருந்தான். பேத்தி கல்யாணப் பத்திரிகையைத் தட்டில் வைத்துக் கொடுத்தான். என் மனைவி கோமதி காப்பி கொடுத்துவிட்டு உள்ளே போனாள். குடித்து முடித்த பிறகும் அவன் எழுந்திருக்கவில்லை.

"அண்ணே, அன்னைக்குக் கம்பிய இழுத்தேன்" என்றான்.

நான் தட்டைக் கீழே வைத்தேன்.

"கோட்டவாசல் தாண்டுனதுமே இழுத்தேன். எஞ்சின் பிடிக்கல. உள்ள தள்ளிட்டுத் திருப்பியும் இழுத்தேன். நீங்க சொன்னது ஞாபகம் வந்துட்டு. நிப்பாட்டிருதேன் மொதலாளின்னேன். மழ வருது, பிரேக்குதான் இருக்குல்லா, மெதுவாப் போன்னாரு. ரெண்டு தடவ சொன்னேன்ணே. எதுத்துப் பேசாதன்னுட்டாரு."

அவனைப் பொய் சொல்ல வைத்தது வீடு மட்டுமில்லை என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. நான் அவில்தாரோடு மட்டுமே சண்டை போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். கம்பிப் பேச்சு வந்தால் மாட்டியிருக்கக்கூடிய இன்னொருவர் பின்சீட்டில் இருந்தார் என்பதே எனக்குத் தோன்றவில்லை.

"இத எதுக்கு இப்ப எங்கிட்ட சொல்லுத?"

"யாருகிட்டயாவது சொல்லணும்லா."

"புளியரையில பேச்சியம்மா இருக்கா. அவகிட்டப் போயிச் சொல்லு."

அவன் வெறும் தம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "அந்த அம்மா என்னைய மன்னிச்சிட்டாண்ணே. வருசா வருசம் திதிக்குப் போறேன். சாப்பாடு போட்டுத்தான் அனுப்புதா. இப்பப் போயி நான் இல்லன்னு சொன்னா, அவ என்ன செய்வா? மொதலாளியும் போயிட்டாரு, அவில்தாரும் போயிட்டாரு. யாரப் போயி மன்னிப்பா?"

"எம்மேல அவளுக்கு இருக்க கோவம்?"

அவன் தம்ளரைக் கீழே வைத்தான். எழுந்து செருப்பை மாட்டினான். "மொத நாளே வந்துருங்கண்ணே, அண்ணியையும் கூட்டிக்கிட்டு" என்று சொல்லிவிட்டு, தூறலில் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு நடந்தான்.

கோமதி வந்து தம்ளரை எடுத்தாள். "வீடு தேடி வந்து கூப்பிட்டிருக்காரு. போகணும்லா?"

"நீ போயிட்டு வா" என்றேன்.

அவள் போய்விட்டு வந்தாள். சாப்பாடு நன்றாக இருந்ததாம். பந்தியில் அவளுக்குப் பக்கத்து இலையில் புளியரையிலிருந்து வந்த ஓர் அம்மா உட்கார்ந்திருந்தாளாம். அந்த அம்மாவுக்கு மட்டும் மாடசாமி தானே நின்று பரிமாறினாராம். "அவ்வளவு மரியாதை. அவங்களுக்குச் சொந்தமா இருக்குமோ?" என்று கேட்டாள்.

"ஆமா, சொந்தம்தான்" என்றேன்.